பண்டமும் பண்பாடும்

பரிசளிப்பு விழாக்களிலும் தமிழ்விழா மேடைகளிலும் இந்நாளில் அடிக்கடி கேட்கும் குரல் ஒன்றுண்டு. எமது இளைஞர் மேனாட்டு மோகத்தில் மூழ்கிவிட்டனர். கைபேசியும் மோட்டார்ச் சைக்கிளும் அவர்தம் கண்களை மறைத்துவிட்டன. கூழும் பிட்டும் இருந்த இடத்திலே கோழிப்பொரியலும் குளிர்பானமும் வந்து குந்திவிட்டன. ஆகவே தமிழ்ப் பண்பாடு அழிகின்றது என்பது அக்குரலின் சாரம். அவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் நல்லவர்கள். அவர்தம் கவலையும் பொய்யன்று. எனினும் நோய் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தை அவர்கள் தொட்டுக் காட்டுகின்றனர் என்பது எமது கருத்து. இளைஞனின் ஆசையைப் பழிப்பது எளிது. அவ்வாசை எங்கே உற்பத்தியாகின்றது, அதனால் இலாபம் அடைபவர் யார், கடனாளி ஆகின்றவர் யார் என்று கேட்பது சற்றுக் கடினம். அக்கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கு மார்க்சியத்திலும் சிறந்த கருவியொன்றை நாம் அறியோம்.

கல்லூரி மலரிலே இப்பேச்சு எதற்கு என்று முகஞ் சுளிக்கும் அன்பர்களும் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்துக் கல்விக் கழகங்களுக்கு மார்க்சியம் புதிய விருந்தாளியன்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த தோழர் கார்த்திகேசன் அவர்களைப் பழைய தலைமுறையினர் இன்றும் மதிப்போடு நினைவு கூர்வர். பருத்தித்துறைத் தொகுதி மக்கள் 1956இல் பொன். கந்தையா அவர்களைக் கம்யூனிஸ்டு உறுப்பினராகவே பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். திருநீறு அணிந்த நெற்றியோடு அவருக்கு வாக்களித்தவர் பலர். ஆகவே எமது பேச்சைக் கேட்பதனால் எவருடைய சமயமும் கெட்டுவிடாது.

‘மூலதனம்’ என்னும் நூலின் முதற் பாகம் 1867இல் வெளிவந்தது. அதன் முதல் அதிகாரத்தின் இறுதியிலே மார்க்ஸ் ஒரு விந்தையை எடுத்துக் காட்டுகின்றார். மனிதர் தமது உழைப்பினாற் செய்த பொருள், சந்தைக்கு வந்து பண்டமானவுடன், தன்னைச் செய்தவரை மறைத்துவிடுகின்றது. சட்டை ஒன்றின் விலைச்சீட்டைப் பார்க்கும் எமக்கு அதனைத் தைத்த பெண்ணின் முகம் தெரிவதில்லை. கட்டுநாயக்காவில் அவள் தங்கியிருக்கும் அறை தெரிவதில்லை. அவள் நின்ற நேரமும் பெற்ற கூலியும் தெரிவதில்லை. விலை என்பது அச்சட்டைக்குள்ளேயே இயல்பாக ஊறிக் கிடக்கும் ஒரு குணம் போலத் தோன்றுகின்றது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையேயுள்ள உறவு பொருளுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள உறவாக வேடம் புனைகின்றது. மனிதன் தன் கையாற் செய்ததற்குத் தானே தெய்வீக ஆற்றலை ஏற்றி வணங்கும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டார் மார்க்ஸ்.

சைவர்களாகிய எமக்கு இவ்வுவமை சற்று உறுத்தலாம். ஆனால் எமது கோயிற் கிரியைகளை நோக்குவோர் இதன் ஆழத்தை நன்கு உணர்வர். கல்லைச் செதுக்கி உருவமைத்த சிற்பியே அதன் கண்ணையும் திறக்கின்றான். அவனுக்கு வேட்டியும் தட்சணையும் கொடுத்து மரியாதை செய்து அனுப்பிவிடுகின்றனர். கும்பாபிடேகம் முடிந்த பின்னர் அவன் கருவறைக்குள் நுழைதல் இல்லை. எனினும் கோயிலிலே சிற்பிக்கு ஒரு நாள் மரியாதையாவது உண்டு. அங்காடியிலே அதுவும் இல்லை.

இன்னொன்றும் மார்க்ஸ் கூறினார். உற்பத்தி பொருளை மட்டும் ஆக்குவதில்லை; அப்பொருளை விரும்பும் மனிதனையும் ஆக்குகின்றது. 1844இல் எழுதி, அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னர் 1932இல் அச்சேறிய கையெழுத்துப் பிரதிகளிலே, பிறனிடத்துப் புதிய தேவையொன்றை உண்டாக்கி அவனைப் புதிய அடிமைத்தனத்துக்கு உள்ளாக்குவதே தனியுடைமைச் சமுதாயத்தில் ஒவ்வொருவனுடைய முயற்சியும் ஆகின்றது என்ற கருத்தை அவர் விரித்துரைக்கின்றார். அன்று தொலைக்காட்சி இல்லை. தவணைக் கடன் கொடுக்கும் கம்பனி இல்லை. இருந்தும் எமது கடைத்தெருவைப் பார்த்து எழுதியவர் போலவே எழுதியிருக்கின்றார்.

இவ்விடத்திலே எமது பண்பாட்டுக் காவலரோடு நாம் ஒரு வழக்குத் தீர்க்க வேண்டியுள்ளது. அவர்கள் காட்டும் பழைய யாழ்ப்பாணம், தன் மண்ணில் விளைந்ததை உண்டு, தன் தறியில் நெய்ததை உடுத்து, எளிமையில் வாழ்ந்த யாழ்ப்பாணம். அப்படியொரு யாழ்ப்பாணம் எந்நாளில் இருந்தது? கூழிலே இடும் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; ஐரோப்பியர் வருகைக்குப் பின்னர் எம்மை வந்து சேர்ந்தவை. எமது தோட்டக்காரனைத் தலைநிமிரச் செய்த புகையிலையும் அவ்வாறு வந்ததே. அது திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அதனாலேயே ‘மலையாளப் புகையிலை’ என்று பெயரும் பெற்றது. அதன் பின்னர் மலாயாவுக்குப் போன எழுதுவினைஞரின் காசுக்கட்டளைகள் வந்தன. இளைப்பாறியோரின் ஓய்வூதியம் வந்தது. ஓட்டு வீடுகளும் மதில்களும் அப்பணத்தில் எழுந்தன. கோயில் உபயகாரர் ஒருவரையொருவர் வெல்லும் நோக்கத்தோடு தமிழகத்திலிருந்து நாதசுரக்காரரை வரவழைத்து, சிகரங் கட்டி, மின்விளக்குச் சோடனை செய்து திருவிழா நடத்திய காலத்தை எம்மிற் பலர் கண்ணாரக் கண்டவர்கள். அது பக்தியா, நுகர்ச்சிப் போட்டியா? இரண்டும் என்பதே நேர்மையான விடை. கடல்கடந்த பணத்தை உள்ளூர்க் கௌரவமாக மாற்றும் வித்தை எமக்கு நேற்று வந்ததன்று.

அப்பழைய எளிமையைப் பற்றியும் ஒரு சொல். யாருடைய எளிமை அது? சட்டை அணியலாகாது, நகை பூணலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்போடு தெருவில் நடக்கலாகாது, மணவீட்டிலும் பிணவீட்டிலும் மேளம் அடிப்பிக்கலாகாது என்று எமது ஊர்களில் ஒருசாரார் மற்றொரு சாராருக்கு விதித்த எளிமை அது. தேநீர்க் கடையிலே ஒருவனுக்குக் கிளாசும் இன்னொருவனுக்குப் போத்தலுமாக இருந்த எளிமை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்திலே ஓர் உழைப்பாளி வெள்ளைச் சட்டை அணிந்து தேநீர்க் கடைக்குள் நுழைந்து, பிறர் குடித்த அதே கிளாசிலே தேநீர் வாங்கிக் குடித்தது வெறும் நுகர்ச்சியா? அவன் வாங்கியது ஐந்து சதத் தேநீர். கேட்டதோ மனிதப் பெறுமதி. இதனை விளங்கிக்கொள்ளாமல், இன்று அவனது பேரன் விலையுயர்ந்த சப்பாத்து அணிவதைக் கண்டு ‘ஆடம்பரம்’ என்று பழிப்பவர், தமது பாட்டனாரின் குரலிலேயே பேசுகின்றார் என்பதைத் தாம் அறியாதிருக்கின்றார்.

காசுக்குச் சாதி தெரியாது. பழைய கட்டுகளைச் சந்தை அறுத்தெறியும் ஆற்றலை 1848இலேயே மார்க்சும் எங்கெல்சும் ‘கம்யூனிஸ்டுக் கட்சி அறிக்கை’யில் வியந்து எழுதினர். (வண்ணார்பண்ணையிலே ஆறுமுகநாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அதே ஆண்டு. உலகம் எத்தனை விதமாக ஒரே வேளையில் விழித்திருக்கின்றது!) ஆனால் சந்தை கொடுக்கும் சமத்துவம் கடை வாசலில் தொடங்கிக் கல்லாப்பெட்டியில் முடிந்துவிடுகின்றது. வாங்குபவனாக மட்டுமே அது எம்மைச் சமமாக நடத்துகின்றது. காணியில்லாதவன் சப்பாத்து வாங்கிய பின்னரும் காணியில்லாதவனே. அங்காடியிலே எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கின்றோம். கிணற்றடியிலும் கோயிற் பரிபாலன சபையிலும் வரிசை இன்னும் பழைய வரிசைதான்.

பொருள்களை இறக்குமதி செய்வதற்கும் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஏட்டிலே தேட வேண்டியதில்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போர்க்கு அது விளங்கும். அன்றைய கூட்டரசாங்கம் அந்நியச் செலாவணி முடையினால் மிளகாயையும் வெங்காயத்தையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் தலையிலே அதிட்டம் விழுந்தது. செம்மண் நிலத்திலே நீர் இறைக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் முழங்கின. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களை நாடி வன்னிக்குச் சென்று மண்வெட்டி பிடித்தனர். கிராமங்கள் தோறும் நெசவு நிலையங்கள் இயங்கின.

மிளகாய்க்கு நேர்ந்தது எழுத்துக்கும் நேர்ந்தது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. அதுகாறும் எமது கடைகளிலே தொங்கியவை தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள். எமது எழுத்தாளன் தன் ஊர்ப் பேச்சிலே கதை எழுதினால் ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தனர் பண்டிதர். விற்காது என்றனர் கடைக்காரர். இந்நிலையை எதிர்த்துத் தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் குரல்களை எழுப்பியவர் முற்போக்கு எழுத்தாளரே. 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த கைலாசபதி அவர்கள் ஈழத்து எழுத்தாளர்க்கு அப்பத்திரிகையின் பக்கங்களைத் திறந்துவிட்டார். 1966இல் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கினார். தலைமயிர் வெட்டும் சலூனிலிருந்து வெளிவந்த அச்சஞ்சிகை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூத்தது. பட்டதாரிகள் நடத்திய பல ஏடுகள் நான்கு இதழ்களுடன் வாடின. 1970களின் தொடக்கத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இவ்வளவு காலமும் விதைத்ததற்கு மழை பெய்தது போலாயிற்று. வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக வந்தன. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ ஆகிய நாவல்கள் 1973இல் வெளிவந்து, வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கடலையும் எமது வாசகர் வீட்டுக்குள் கொண்டுவந்தன. பேருந்துத் தரிப்பிடத்திலே நின்றவன் கையில் ஈழத்து நாவல் இருந்த காலம் அது. அதனை வாசித்தவர் நாட்டுப்பற்றினால் மட்டும் வாசித்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. வேறு கிடைக்கவில்லை என்பதும் காரணமே. ஆனால் ஒருமுறை வாசித்தவர் தமது ஊரும் ஒரு கதைக்குரிய ஊர் என்பதைக் கண்டுகொண்டார். சுவை என்பது பிறவிக் குணமன்று. பழக்கத்தால் ஆக்கப்படுவது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

அவ்வாண்டுகளைப் பொற்காலம் என்று எழுத எமது பேனா இசையவில்லை. பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. மிளகாய்க்கு வாழ்வு கொடுத்த அதே அரசாங்கமே பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைக் கொண்டுவந்து எமது மாணவரின் வயிற்றில் அடித்தது. 1972இன் அரசியலமைப்பிலே எமது மொழியை ஓரங்கட்டியது. அவ்வரசாங்கத்திலே இடதுசாரித் தலைவர்கள் அமைச்சர்களாக இருந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. தமிழ் இளைஞர் பலர் மார்க்சியத்தின் மேல் ஐயங்கொண்டதற்கு அதுவே காரணமாயிற்று. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் அதற்காக மிளகாய்த் தோட்டத்தின் பாடத்தையும் தூக்கி எறிவது அறிவுடைமையாகாது.

1977இன் இறுதியிலே திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. தோட்டக்காரன் விலையிழந்தான்; நெசவு நிலையங்கள் பல பூட்டப்பட்டன; கடைகளிலே வானொலிப் பெட்டிகளும் நைலோன் துணிகளும் குவிந்தன; தமிழகத்துச் சஞ்சிகைகள் மீண்டும் தொங்கின. மக்கள் மகிழ்ந்தனர் என்பதும் உண்மை. வரிசையில் நின்று களைத்தவன் கடையிலே பொருளைக் கண்டால் மகிழமாட்டானா? ஆனால் தோட்டத்திலும் தறியிலும் தன் கைக்கு வேலையிழந்த இளைஞனுக்கு எஞ்சியிருந்த வழிகள் சிலவே. 1983இன் பின்னர் நடந்தவற்றை இங்கே எழுதப் புகின் இம்மலர் கொள்ளாது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. 1990களிலே எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் உரமும் தடுக்கப்பட்டிருந்தபோது, ஜாம் போத்தலிலே திரியிட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பாடக்கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சாயிற்று. அக்காலத்தை நினைந்து ‘அன்றல்லவா நாம் தன்னிறைவோடு வாழ்ந்தோம்’ என்று பெருமூச்சு விடும் அன்பர்களை இப்பொழுது காண்கின்றோம். பசியைப் பண்பாடு என்று பாராட்டும் பழக்கம் வயிறு நிறைந்தவர்க்கே வரும். மருந்தின்றி இறந்த குழந்தைகளின் தாய்மார் அவ்வாறு பெருமூச்சு விடுவதில்லை.

2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபொழுது முதலில் வந்தவை தொழிற்சாலைகள் அல்ல. வங்கிக் கிளைகளும் நிதிக் கம்பனிகளும் தவணை முறையில் மோட்டார்ச் சைக்கிள் தருவோரும் பேரங்காடிகளுமே வந்தனர். உழைத்து ஈட்டுவதற்குரிய வழி தோன்றுவதற்கு முன்னரே செலவிடுவதற்குரிய வழிகள் யாவும் தோன்றிவிட்டன. இடையிலே இருந்த பள்ளத்தைக் கடன் நிரப்பியது. கணவனைப் போரிலே பறிகொடுத்த பெண்கள் நுண்கடன் எடுத்து, அதனைக் கட்டுதற்கு இன்னொரு கடன் எடுத்து, கிழமை தோறும் வாசலுக்கு வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சி ஒளிந்த கதைகள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனை! வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே 2018இல் அறிவிக்க நேர்ந்தது. இப்பெண்களைப் பார்த்து ‘நுகர்ச்சி மோகம்’ என்று எந்த மேடையில் நின்று பேசுவது?

நாடு முழுவதற்கும் இக்கதையே பெரிய எழுத்தில் நிகழ்ந்தது. பசு நின்ற வளவுகளிலும் பால்மாப் பெட்டி நுழைந்துவிட்ட நாடு இது. 2021இலே பால்மாவுக்காகத் தாய்மார் வரிசையில் நின்றனர். 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. 2020இலே செலாவணியைக் காப்பதற்காக நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலே மீண்டும் தொடங்கியபோது பத்திரிகைகள் அதனை மீட்சியின் அடையாளமாகக் கொண்டாடின. கார் வருவதே மீட்சி என்று கருதும் மனம் எவ்வாறு உருவாயிற்று என்பதைத்தான் நாம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.

பண்பாட்டுக் காவலருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சந்தை இன்று அவர்களுடைய எதிரியாக வரவில்லை, தொண்டனாக வருகின்றது. பொங்கலுக்கு முதற்கிழமை கைபேசிக் கம்பனி கோலமும் கரும்பும் வரைந்து வாழ்த்துக் கூறுகின்றது. நிதிக் கம்பனி நல்லூர்த் திருவிழாவுக்கு வருவோர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றது. சாமத்தியச் சடங்கு, திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு யாவற்றுக்கும் ‘பாரம்பரிய முறைப்படி’ மண்டபமும் மணவறையும் பல்லக்கும் ஒளிப்படமும் ஒரே விலையிற் கிடைக்கின்றன. ஒடியல் மா கனடாவிலும் இலண்டனிலும் பனைமரப் படம் பொறித்த பைகளிலே விற்பனையாகின்றது. காஞ்சிபுரம் என்று பெயர்சூடி வரும் சேலைகளுள் விசைத்தறியில் நெய்தவையும் கலந்து வருகின்றன. ஆக, தமிழ்ப் பண்பாடு அழியவில்லை; அமோகமாக விற்பனையாகின்றது. ஒருவன் தன்னைத் தமிழன் என்று உணர்த்துவதற்கு ஏதோவொன்றை ஆக்க வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை, கற்க வேண்டியதில்லை. வாங்கினாற் போதும் என்ற நிலை வந்திருக்கின்றது. மேனாட்டுப் பண்டத்தினால் எமக்கு வந்த கேட்டிலும் இக்கேடு நுட்பமானது. அயலான் வீட்டுப் பண்டம் என்றால் அடையாளங் கண்டு விலகலாம். எமது முகத்தையே அச்சிட்டு எமக்கு விற்றால் என் செய்வது?

அப்பையிலுள்ள ஒடியலையே எடுத்துக்கொள்வோம். பனங்கொட்டையைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி, முளைத்த கிழங்கைக் கிண்டி எடுத்து, கிழித்துக் காயவைத்து, இடித்து மாவாக்கிய பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது பையில் எழுதப்படுவதில்லை. பனையைத் ‘தமிழரின் கற்பகதரு’ என்று மேடையிலே போற்றும் நாம், அதிலே ஏறி இறங்கும் தொழிலாளியை எங்கே இருத்தினோம்? 1970களின் முற்பகுதியிலே கள்ளிறக்கும் தொழிலாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டனர். அச்சங்கங்கள் அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவின. பனை எமது பண்பாட்டுச் சின்னம் என்ற கூற்றுக்குப் பொருள் இருக்குமானால் அப்பொருள் பையிலே இல்லை, அச்சங்கத்திலே இருக்கின்றது. பண்பாடு என்பது ஒரு மக்கட்கூட்டம் தன் வாழ்வுக்கு வேண்டியவற்றை எவ்வாறு சேர்ந்து ஆக்குகின்றது, எவ்வாறு பகிர்கின்றது, அவ்வுழைப்பிலிருந்து எவ்வகைப் பாட்டையும் கூத்தையும் கதையையும் பிறப்பிக்கின்றது என்பதாகும் என்றே நாம் கொள்கின்றோம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது குற்றமன்று. அது எமது தோட்டத்திலே, எமது கிணற்று நீரிலே, எமது கைகளினால் விளைந்து எமதாயிற்று.

இதனை எமது முன்னோர் உணராதிருக்கவில்லை. 1927 நவம்பரிலே மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதர் நிதிக்குப் பணந் திரட்டினார். பின்னாளிலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் அவ்வியக்கத்தின் தூண்கள். வாங்கும் துணி ஓர் அரசியல் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நூற்கும் இராட்டினம் மட்டும் நிலத்தையும் சாதியையும் மாற்றிவிடாது என்பதிலே நாம் அவர்களோடு வேறுபடுவோம். எனினும் பண்டத்தின் பின்னாலிருந்த கையைக் காண அவர்கள் முயன்றனர். கூட்டுறவாளர் மேலும் ஒருபடி சென்றனர். மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை எழுந்தது. புகையிலை விற்பனைக்குச் சங்கம் அமைந்தது. ஊர் தோறும் சங்கக்கடை இருந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் அவர்களின் பெயரைத் தாங்கி யாழ் நகரிலே நிற்கும் மண்டபத்துக்குள் இன்று புடைவை மலிவு விற்பனைக்கும் கண்காட்சிக்கும் செல்வோருள், அவர் கூட்டுறவு இயக்கத்தின் தலைமகன் என்பதை எத்தனை பேர் அறிவர்?

இனி எமது வீட்டுக்கே வருவோம். இம்மலரின் முன்பக்கங்களைப் புரட்டிய வாசகர் நகைமாடங்களினதும் புடைவைக் கடைகளினதும் வாழ்த்து விளம்பரங்களைக் கண்டிருப்பர். அவையின்றி மலர் அச்சேறாது என்பதை மலர்க்குழுவினர் அறிவர், நாமும் அறிவோம். எமது குறை அதுவன்று. கல்லூரிகளின் விழாக்களுக்காகக் கடல்கடந்த பழைய மாணவர் சங்கங்கள் மனமுவந்து அனுப்பும் பணம் எவ்வுருவம் எடுக்கின்றது என்பதைச் சற்று நோக்குங்கள். வளைவு, பெயர்ப்பலகை, சிலை, குளிரூட்டிய மண்டபம், அதன் சுவரிலே நன்கொடையாளர் பெயர்வரிசை. உபயகாரர் சிகரங் கட்டிய அதே மனமே இங்கும் வேலை செய்கின்றது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் இரவுப் பணி செய்து, முதுகு நோகப் பொதி சுமந்து மிச்சம்பிடித்த பணம் அது. அப்பணத்துக்குள் இருக்கும் உழைப்பை நாம் மதிப்போமானால், கல்லிலே பொறித்துவிட்டு அதனை மறந்துவிடமாட்டோம்.

எமது கல்லூரியிலே மாணவர் நடத்தும் கூட்டுறவுக் கடையொன்று அமைக்கலாம். கொப்பியும் பேனாவும் சீருடைத் துணியும் அங்கே கிடைக்கலாம். கணக்கு வைப்பவர் வணிகப் பிரிவு மாணவர். இலாபம் யாருக்கு என்பதை ஆண்டு தோறும் கூடித் தீர்மானிப்பவரும் மாணவரே. சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்குக் கொடுத்துக் குளிர்பானப் போத்தல்களுக்கு இடம் விடுவதை நிறுத்தி, கல்லூரிக்கு அயலிலுள்ள தாய்மார் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். கூழும் அவித்த கிழங்கும் மோரும் எலுமிச்சம்பழத் தண்ணீரும் அங்கே விற்கட்டும். ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகத்திலே ஆண்டு தோறும் குறித்ததொரு தொகை ஒதுக்கலாம். ‘மல்லிகை’யின் பழைய இதழ்களைக் காணாமலே எமது உயர்தர மாணவர் தமிழ்ப் பாடத்திலே சித்தியடைந்து வெளியேறுகின்றனர். இவற்றுள் எதற்கும் திறப்புவிழா நடத்திப் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்ய இயலாது என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். நிதி திரட்டுவோர்க்கு அது ஒரு குறையே.

சிற்றுண்டிச்சாலையின் குத்தகை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இது பற்றிய பிரேரணையை நாம் கொண்டுவரவுள்ளோம். வழிமொழிய முன்வரும் அன்பர்கள் கூட்டத்துக்கு முன்னரே எம்மோடு கலந்துகொள்வார்களாயின் கணக்குகளை ஒருங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.